காவலர்கள் தோற்பார்கள் என்றது கணினி, ஆனால் ஜெயித்தார்கள்: ஒய்-12 நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஒய்-12 வளாகம் 1943-இல் மன்ஹாட்டன் திட்டத்துக்காக எழுந்தது. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கான யுரேனியம் இங்கே செறிவூட்டப்பட்டது. இன்றும் அந்நாட்டின் உயர் செறிவு யுரேனியத்துக்கு இதுதான் முதன்மைக் கிடங்கு. இப்படிப்பட்ட இடத்தின் காவல் போதுமானதா என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. உண்மையான தாக்குதல் நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்க முடியாது. அதனால் இரண்டு வழிகளை நம்புகிறார்கள். ஒன்று கணினி சிமுலேஷன், அதாவது தாக்குதலைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது. மற்றொன்று மோதல் ஒத்திகை.

மோதல் ஒத்திகையில் ஒரு குழு ஊடுருவல்காரர்களாக நடிக்கும், வளாகத்தின் காவல் படை அதைத் தடுக்கும். துப்பாக்கியில் குண்டுக்குப் பதிலாக மைல்ஸ் எனப்படும் லேசர் கருவி இருக்கும். உடுப்பிலும் தலைக்கவசத்திலும் இருக்கும் உணரிகளில் ஒளி பட்டால் அந்த ஆள் செத்தவர் கணக்கு.

2003 ஜூனில் ஒய்-12-இல் இப்படி ஓர் ஒத்திகை நடந்தது. மொத்தம் நான்கு தாக்குதல் காட்சிகள். நான்கையும் முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்த்ததில், குறைந்தது இரண்டில் காவல் படை தெளிவாகத் தோற்கும் என்று வந்திருந்தது. களத்தில் நான்கிலும் காவல் படையே ஜெயித்தது.

பல அலுவலகங்களில் இதைக் கேட்டதும் கைதட்டிவிட்டுக் கோப்பை மூடியிருப்பார்கள். ‘கணினிக்கு என்ன தெரியும், எங்கள் ஆட்கள் அதைவிடத் திறமைசாலிகள்’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஒய்-12-இன் அரசுத் தரப்பு மேலாளர் அப்படிச் செய்யவில்லை. முடிவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறதே என்று விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். பிறகு எரிசக்தித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரணையைக் கையில் எடுத்து, 2004 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஒத்திகைக்குச் சற்று முன்பு, காவல் படையைச் சேர்ந்த இருவருக்கு அந்த நான்கு காட்சிகளின் கணினி சிமுலேஷனையே பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. வினாத்தாள் தேர்வுக்கு முன்பே கசிந்த மாதிரி. ஒத்திகையின் முடிவு களங்கப்பட்டது, அதை நம்ப முடியாது என்று அறிக்கை முடித்தது.

அதே விசாரணையில் பழைய, அப்போதைய காவலர்கள் வேறு பலவற்றையும் சொன்னார்கள். 1980-களின் நடுப்பகுதியிலிருந்தே எந்தக் கட்டடம், எந்தச் சுவர் தாக்கப்படும், திசைதிருப்பும் தாக்குதல் உண்டா என்பதெல்லாம் முன்கூட்டியே கசிந்ததாம். ஒத்திகை நாளில் சுமாரான ஆட்களை விலக்கித் தேர்ந்தவர்களை நிறுத்தினார்களாம். மறைந்துகொள்ளத் தோதான இடங்களில் லாரிகளை முன்பே கொண்டுவந்து நிறுத்தினார்களாம். மைல்ஸ் உடுப்பின் பேட்டரியைக் கழற்றுவது, தலைகீழாகப் போடுவது, உணரியின் மேல் டேப் ஒட்டுவது, சேறு அல்லது வாஸ்லின் பூசுவது என்றும் நடந்ததாம். உணரி மூடியிருந்தால் அந்த ஆள் சாகவே மாட்டார்.

சிமுலேஷனின் உண்மையான பயன் இந்த நிகழ்வில்தான் தெரிகிறது. அது 0.85, 0.9 என்று தரும் வெற்றி வாய்ப்பு எண்ணை மேலதிகாரிக்கு அனுப்பும் கோப்பில் ஒட்டுவதற்காக யாரும் இத்தனை பாடுபட வேண்டியதில்லை. களத்துக்கும் கணினி மாதிரிக்கும் இடைவெளி விழும்போது, அந்த இடைவெளியைத்தான் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி தற்செயலாகவும் வரலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மாதிரி இரண்டு காட்சிகளில் 0.3, மற்ற இரண்டில் 0.8 வெற்றி வாய்ப்பு தந்தது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நான்கிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 0.3 × 0.3 × 0.8 × 0.8, அதாவது சுமார் 6 சதவீதம். நடக்கவே முடியாதது என்று சொல்ல முடியாது. ஆனால் அணுப்பொருள் கிடங்கில் 6 சதவீத அதிசயம் நிகழ்ந்தால், இரண்டில் எது பொய் என்று விசாரித்தே ஆக வேண்டும். மாதிரி தவறா, ஒத்திகை தவறா? இரண்டும் சரியென்றால் மட்டுமே அதிர்ஷ்டம் என்று எழுதலாம்.

சிமுலேஷன்களின் இரண்டு வகை

இந்தத் துறையில் ஓடும் சிமுலேஷன்களை இரண்டாகப் பிரித்தால் போதும். ஒரு வகை மோதலை ஓட்டுவது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1990-களில் உருவாக்கிய ஜேகேட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். வளாகத்தின் மேடுபள்ளம், கட்டடம், கதவு, சன்னல், வேலி எல்லாவற்றையும் கணினிக்குள் கட்ட வேண்டும். தாக்குபவர்களும் காப்பவர்களும் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து தங்கள் ஆட்களை நகர்த்துவார்கள். தன் ஆளின் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே ஒருவருடைய திரையில் தெரியும். சுட்டால் பட்டதா இல்லையா என்பதை ஆயுதம், தூரம், நிற்கும் நிலை ஆகியவற்றுக்கான நிகழ்தகவை வைத்துக் கணினி குலுக்கிப்போட்டு முடிவு செய்யும்.

இன்னொரு வகை பாதையைக் கணக்கிடுவது. சாண்டியா ஆய்வகத்தில் 1970-களில் பிறந்த ஈசி என்ற முறை இன்றும் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடம். ஒரு விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) அடங்கிவிடும். ஊடுருவும் பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் கண்டறியும் வாய்ப்பு எவ்வளவு, கடக்க எத்தனை வினாடி என்று நிரப்ப வேண்டும். விரைவுப் படை வந்து சேரும் நேரத்தையும் கொடுத்தால், படை உரிய நேரத்தில் போய் வழிமறிக்கும் வாய்ப்பு கிடைக்கும். மறித்த பிறகு சண்டையில் யார் ஜெயிப்பார் என்பது இதில் வராது, அதற்கு முதல் வகை வேண்டும். அமைப்பின் மொத்தத் திறன் இந்த இரண்டின் பெருக்கல். வழிமறிக்கும் வாய்ப்பு 0.5 என்றால், சண்டையில் 0.95 எடுக்கும் படையாலும் மொத்தத்தை 0.48-க்கு மேல் கொண்டுபோக முடியாது. பெரிய நிறுவனங்கள் கண்ணைப் பறிக்கும் மோதல் சிமுலேஷனில் பணத்தைக் கொட்டிவிட்டு, சாதாரண விரிதாளைப் புறக்கணிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒய்-12-இல் அடுத்து நடந்த சம்பவத்தில் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை.

2012 ஜூலை 28

அன்று சனிக்கிழமை, விடிவதற்கு முன். 82 வயதுக் கன்னியாஸ்திரி மேகன் ரைஸும் அவருடன் வந்த இரண்டு போர் எதிர்ப்பாளர்களும் இருட்டில் மலைச்சரிவு வழியாக நடந்து வந்து, கம்பி வெட்டும் கருவியால் வேலிகளை ஒவ்வொன்றாக வெட்டி உள்ளே போனார்கள். போய் நின்ற இடம் உயர் செறிவு யுரேனியத்தை வைத்திருக்கும் கட்டடத்தின் சுவர். 54.9 கோடி டாலர் செலவில் கட்டி, 2010-இல் திறந்த கட்டடம் அது. சுவரில் வாசகங்கள் எழுதினார்கள், ரத்தம் தெளித்தார்கள், பதாகை கட்டினார்கள், சுத்தியலால் மூலையைத் தட்டிப் பெயர்த்தார்கள். கட்டடத்துக்குள் இருந்த காவலர்களுக்குத் தட்டும் சத்தம் கேட்டது. பராமரிப்பு வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். முதலில் வண்டியில் வந்து சேர்ந்த காவலரும் நிலைமையின் தீவிரத்தை உடனே புரிந்துகொள்ளவில்லை.

தலைமை ஆய்வாளர் அலுவலகம் அடுத்த மாதமே அறிக்கை தந்தது. சென்சார் ஊடுருவலைப் பிடித்திருக்கிறது, அலாரமும் அடித்திருக்கிறது. அந்த இடத்தைக் காட்ட வேண்டிய கேமரா சுமார் ஆறு மாதமாகப் பழுது. பழுதுபட்ட கருவிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. பழுதைச் சரிசெய்வதற்குப் பதிலாக, அலாரம் அடித்தால் ஆளை அனுப்பிப் பார்ப்பது என்ற தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. புதிதாகப் போட்ட அலாரம் அமைப்பிலிருந்து வேண்டாத அலாரங்கள் நிறைய வந்ததால், காவலர்களுக்கு அலாரம் என்றாலே அலட்சியம் வந்திருந்தது.

வேண்டாத அலாரத்தில் இரண்டு ரகம் உண்டு. மான், காற்று, மழை போன்ற நிஜமான காரணத்தால் வருவது வீண் அலாரம். காரணமே இல்லாமல் கருவிக்குள்ளிருந்து வருவது பொய் அலாரம். முதல் ரகத்துக்குப் புல் வெட்ட வேண்டும், வேலியை இறுக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒயரிங், பலகை, அமைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் எதையும் சரிசெய்ய முடியாது.

இதே சம்பவத்தை விரிதாளில் போட்டால்

ஒய்-12-இன் உண்மையான எண்கள் வெளியில் கிடையாது, கிடைக்கவும் கூடாது. ஆகவே கீழே இருப்பது கற்பனை வளாகம், பாடத்துக்காகப் போட்ட எண்கள். ஐந்து துண்டுகள் கொண்ட பாதை:

வெளி வேலி: கண்டறியும் வாய்ப்பு 0.05, கடக்க 20 வினாடி.
சென்சார் பொருத்திய இரட்டை வேலி: 0.9, 40 வினாடி.
திறந்தவெளி: கண்டறிதல் இல்லை, 30 வினாடி.
கட்டடக் கதவு: 0.9, 180 வினாடி. கதவு திறந்த பிறகே அலாரம்.
உள் பெட்டகமும் அங்கே செய்யும் வேலையும்: 240 + 60 வினாடி.

விரைவுப் படை வந்து சேர 300 வினாடி. அலாரத் தகவல் படைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு 0.95. ஒவ்வொரு நேரத்துக்கும் 30 சதவீதத் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து கூடியும் குறைந்தும் விலகும் அளவு), இது ஈசியில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு.

இரட்டை வேலியில் கால் வைத்ததும் அலாரம் அடித்தால், ஊடுருவல்காரருக்கு மீதி 550 வினாடி வேலை இருக்கிறது. படைக்கு 300 போதும். கையில் 250 வினாடி உபரி. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் வழிமறிக்கும் வாய்ப்பு 0.88. அறிக்கையில் பார்க்க அழகான எண்.

இப்போது கேமராவை மட்டும் பழுதாக்குவோம். வேலி அதேதான், ஆட்களும் சென்சாரும் அதேதான். அலாரம் அடித்தால் ஓர் ஆள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படையைக் கூப்பிட வேண்டும், அதற்கு 180 வினாடி. வேலியில் வரும் அலாரத்துக்குப் படையின் நேரம் 480 ஆகிவிடுகிறது. 250 வினாடி உபரி 70 ஆகச் சுருங்குகிறது. வாய்ப்பு 0.61.

அடுத்து, வீண் அலாரங்களால் சலித்துப்போன காவலர் இரட்டை வேலி அலாரத்தில் பாதியை ‘மானாக இருக்கும்’ என்று தள்ளிவிடுகிறார் என்று வைப்போம். சென்சார் 0.9 பிடித்தாலும் பயன்படுவது 0.45 மட்டுமே. இரண்டும் சேர்ந்தால் 0.52. காசைச் சுண்டிவிட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

சென்சாரின் திறனும் அதை மனிதர் உறுதிசெய்யும் திறனும் வேறுவேறு. இரண்டையும் பெருக்கித்தான் கண்டறியும் வாய்ப்பு என்று போட வேண்டும். உறுதிசெய்யப்படாத அலாரம் கண்டறிதலே அல்ல என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. ஆனாலும் விரிதாளில் சென்சார் தயாரிப்பாளர் தந்த 0.9-ஐ அப்படியே தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. கருவி வாங்கிய நாளின் வளாகத்தையே மாதிரி காட்டிக்கொண்டிருக்கும், ஆறு மாதமாகச் செத்துக் கிடக்கும் கேமரா அதற்குத் தெரியாது.

இதே விரிதாளில் தீர்வுகளையும் ஓட்டலாம். மேலதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது வேலியைக் கனமாக்குவது. கேமரா பழுதான நிலையிலேயே வெளி வேலியின் தாமதத்தை 20-லிருந்து 40 வினாடியாக இரட்டித்தால் வாய்ப்பு கூடுவது 0.002. காரணம் எளிது: அங்கே கண்டறியும் வாய்ப்பு வெறும் 0.05. கண்டுபிடிப்பதற்கு முன்பு ஊடுருவல்காரர் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் படைக்கு ஒரு வினாடியும் மிச்சமாகாது. மாறாக, உள் பெட்டகத்தின் தாமதத்தை 240-லிருந்து 480 ஆக்கினால் 0.52 என்பது 0.83 ஆகிறது. கேமராவைப் பழுதுபார்த்து, வீண் அலாரங்களைக் குறைத்தால் 0.88-க்கே திரும்பும், செலவும் பெட்டகத்தில் ஒரு சிறு பங்குதான். கேமரா மாற்றும் கோரிக்கையைச் சாதாரணப் பராமரிப்பு வரிசையில் கடைசியில் போட்டுவைத்தவர் இந்த 0.36 வித்தியாசத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

எண்கள் எங்கே கெடுகின்றன

சென்சாரின் 0.9 என்ற எண்ணை அந்த வளாகத்திலேயே சோதித்துப் பெற வேண்டும். 29 முறை கடந்து பார்த்து 29 முறையும் அலாரம் அடித்தால்தான் ‘95 சதவீத நம்பிக்கையில் குறைந்தது 0.9’ என்று சொல்ல முடியும். பத்து முறை சோதித்துப் பத்தும் பிடித்தது என்றால் அதே நம்பிக்கையில் சுமார் 0.74 வரைதான் உத்தரவாதம். சோதனை நடக்கும் பருவமும் முக்கியம். மழையிலும் பனியிலும் கோடையிலும் ஒரே சென்சார் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

படை வந்து சேரும் நேரத்தில் ஏமாற்று இன்னும் அதிகம். வண்டியில் தயாராக உட்கார்ந்திருக்கும் ஆளை அளந்தால் 300 வரும். உணவு இடைவேளையில், ஆயுதத்தை எடுத்து, வாசல் திறந்து, சொன்ன இடத்தில் போய் நிற்கும் வரை அளந்தால் வேறு எண் வரும். முன்னறிவிப்பு இல்லாமல், இரவு ஷிப்ட் உட்பட, கடிகாரத்தை அலாரம் அடித்த நொடியிலிருந்து ஓடவிட்டு அளக்க வேண்டும். சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு பரவலை விட்டுவிட்டால், தாமதமாக வந்த அந்த ஒரு இரவு கணக்கிலிருந்து காணாமல் போகும்.

மோதல் சிமுலேஷனில் தவறுகள் வேறு மாதிரி. நிலப்படத்தின் கட்டம் பெரிதாக இருந்தால் ஒரு சிறு பள்ளம் மறைந்துவிடும், அந்தப் பள்ளத்தில் பதுங்கக்கூடிய ஆள் திரையில் வெட்டவெளியில் நிற்பார். மரங்கள் இலை உதிர்ந்த மாதத்தில் எடுத்த படத்தை வைத்துக் கட்டினால் காவலர்களுக்கு இல்லாத பார்வை கிடைக்கும். கணினிக்குள் இருக்கும் காவலர்களின் ரேடியோ எப்போதும் வேலை செய்யும், அவர்கள் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வதும் இல்லை. சுத்தியல் சத்தத்தைப் பராமரிப்பு வேலை என்று நினைக்கும் காவலர் எந்த மென்பொருளிலும் தானாகப் பிறக்க மாட்டார். மாதிரி கட்டுபவர்தான் தாமதமாகவும் தவறான தீர்ப்பாகவும் அவரை உள்ளே போட வேண்டும். அதற்கான எண், ஷிப்ட் பதிவேட்டில் அலாரம் வந்த நேரத்துக்கும் பதில் எழுதிய நேரத்துக்கும் இடையில் கிடக்கிறது.

எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்பதிலும் அவசரம் கூடாது. 30 முறை ஓட்டி 27-இல் ஜெயித்தால் 90 சதவீதம் என்று எழுதுவார்கள். உண்மை மதிப்பு 74-க்கும் 97-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 100-இல் 90 என்றால் 83 முதல் 94 வரை. மனிதர்கள் உட்கார்ந்து ஆடும் சிமுலேஷனில் 100 முறை நடைமுறையில் முடியாது. ஆடுபவர்கள் ஐந்தாவது ஆட்டத்திலேயே எதிராளியின் திட்டத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள், அதற்குப் பிறகான ஆட்டங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. எனவே மனிதர் ஆடும் சில ஆட்டங்களில் திட்டங்களைக் கண்டுபிடித்து, அவற்றைத் தானியங்கி மாதிரியில் நூற்றுக்கணக்கில் ஓட்டுவதே சரியான வழி.

ஒய்-12-இன் இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வளாகம் செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. சிமுலேஷன் காட்சிகளை யார் பார்த்தார்கள், எந்த நாளில், யார் அனுமதித்து என்ற பதிவு ஒத்திகை முடியும் வரை காவல் படைக்கு வெளியே இருக்க வேண்டும். ஒத்திகைக்கு முன்பே மாதிரியின் கணிப்பை உறையிட்டு மூன்றாம் தரப்பிடம் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு இடைவெளியை ஒப்பிட நேர்மையான எண் இருக்காது. மைல்ஸ் உடுப்புகளைக் காவல் படையைச் சேராத ஒருவர் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஒவ்வொன்றாக ஒளி பாய்ச்சிச் சோதிக்க வேண்டும். வேலியில் ஒரு சென்சாரோ கேமராவோ பழுதானால், பணி ஆணை எழுதும் அதே நேரத்தில் அந்தத் துண்டின் எண்ணை மாற்றி விரிதாளை மறுபடி ஓட்ட வேண்டும். புதிய வாய்ப்பு நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் அந்தப் பழுது பராமரிப்புப் பிரிவின் வரிசையில் நிற்கக் கூடாது, வளாக மேலாளரின் மேசைக்குப் போக வேண்டும். தற்காலிக ஏற்பாடு என்று ஆளை நிறுத்தினால், அந்த ஆள் எடுத்துக்கொள்ளும் வினாடிகளையும் அளந்து அதே விரிதாளில் எழுத வேண்டும், கூடவே அந்த ஏற்பாடு எந்தத் தேதியில் முடியும் என்பதையும்.